இரத்தக் காட்டேரியின் மீளமைப்பு: பாத்திரமேற்கும் மேசை விளையாட்டுக்களில் அச்சத்தின் அமைப்பு பற்றிய ஒரு நோக்கு

எழுதப்பட்ட இலக்கியத்தை மாத்திரமே கதைக்கலையின் உறைவிடமாகக் கொள்ளும் மனப்பாங்கு நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. நாட்டார் கதைகளும் கூத்தும் ஆய்வுக்குரியனவாக ஏற்றுக்கொள்ளப்படுவதற்கே பல்லாண்டுகள் சென்றன. இந்நிலையில், ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து பகடை உருட்டி ஆடும் விளையாட்டொன்றைக் கதைக்கலையின் வடிவமாகக் கொண்டு ஆராய முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், பலர் கூடியிருந்து வாய்மொழியாகவே ஒரு கதையை ஆக்கும் முறை எங்கு காணப்படினும் அது நமது கவனத்திற்குரியதே. அத்தகைய விளையாட்டுக்களில் இடம்பெறும் கோரப்பிறவிகளுள் ஒன்றாகிய இரத்தக் காட்டேரி எவ்வாறு அமைக்கப்பட்டது, எவ்வாறு மீண்டும் மீண்டும் மாற்றியமைக்கப்பட்டது, அம்மாற்றங்கள் எதனை உணர்த்துகின்றன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் விளையாட்டின் இயல்பைச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாத்திரத்தை ஏற்பர். நடுவர் ஒரு சூழலை விவரித்து, ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என வினவுவார். ஆட்டக்காரர் தத்தம் பாத்திரங்களின் செயலைச் சொல்வர். அச்செயல் வெற்றிபெறுமா என்பதை இருபது முகங்கொண்ட பகடை போன்றவற்றை உருட்டித் தீர்மானிப்பர். பாத்திரத்தின் உடல்வன்மை உயிர்ப்புள்ளிகளாலும், அதன் தேர்ச்சி படிநிலைகளாலும் அளக்கப்படும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினரான கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் ஆக்கி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்பதே இவ்வகையில் வணிக முறையாக வெளிவந்த முதலாவது விளையாட்டு எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மூன்று சிறு நூல்களைக் கொண்ட அப்பெட்டியிலேயே இரத்தக் காட்டேரியும் இடம்பெற்றிருந்தது.

இங்குச் சொல்லைப் பற்றிய குறிப்பொன்று அவசியமாகின்றது. ஐரோப்பியர் ‘வம்பயர்’ என வழங்குவதை இரத்தக் காட்டேரி எனத் தமிழாக்கும் வழக்கம் உண்டு. ஆயின் தமிழர் மத்தியிலே காட்டேரி சிலவிடங்களில் வழிபாட்டிற்குரிய தெய்வமுமாகும், இரண்டும் ஒன்றல்ல. மறுதலையாக, றிச்சர்ட் பேட்டன் என்னும் ஆங்கிலேயர் 1870இல் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது வேதாளத்தை ‘வம்பயர்’ எனவே பெயரிட்டார். முருங்கை மரத்திற் பிணமாகத் தொங்கிக் கதை சொல்லும் நமது வேதாளத்திற்கும் இரத்தம் உறிஞ்சும் ஐரோப்பியப் பிணத்திற்கும் உள்ள வேறுபாடு அப்பெயரிலே மறைந்துபோயிற்று. ஒரு பிறவிக்கு இடும் பெயரே அதனைப் பற்றிய விளக்கமாகிவிடுகின்றது என்பதை இது காட்டுகிறது. விளையாட்டிலோ பெயருடன் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன.

அவ்விதிகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிய அப்பிறவியின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட சேர்பியா ஒஸ்திரிய ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1725இல் கிசிலியேவோ என்னும் சிற்றூரில் பேற்றார் பிளகோயெவிச் என்னும் குடியானவர் இறந்து சில வாரங்களின் பின்னர், ஒரு வாரமளவில் ஒன்பது பேர் குறுகிய நோயுற்று இறந்தனர். இறந்தவர் இரவில் வந்து தம்மை நெரித்ததாக அவர்கள் மரணப்படுக்கையிற் கூறினராம். அவருடைய மனைவியோ, கணவன் வந்து தன் காலணிகளைக் கேட்டதாகக் கூறி ஊரைவிட்டே நீங்கினாள். ஊரார் அரச அலுவலர் ஒருவரை வற்புறுத்தி அழைத்துச் சென்று, அவர் முன்னிலையிற் புதைகுழியைத் தோண்டி, உடலைக் கழுமுளையாற் குத்தி எரித்தனர். அவ்வலுவலரின் அறிக்கை அதே ஆண்டில் வியன்னாச் செய்தித்தாளில் வெளிவந்தது. 1732இல் மெட்வெஜா என்னும் ஊரிலிருந்து படை மருத்துவர்கள் அனுப்பிய அறிக்கை ஐரோப்பா முழுவதும் இவ்விடயத்தைப் பேசுபொருளாக்கியது.

இவ்வறிக்கைகளிற் காணப்படும் காட்டேரி ஒரு பிரபு அன்று, மாளிகையில் வாழ்பவனுமன்று. அவன் அவ்வூரின் குடியானவன். நேற்றுவரை அயல்வீட்டில் இருந்தவன். அவன் முதலில் தேடி வருவது தன் மனைவியையும் உறவினரையும் அயலவரையுமே. தோண்டியெடுக்கப்பட்ட உடல்கள் பருத்தும் சிவந்தும் வாயிற் குருதியுடனும் காணப்பட்டமைக்கு இயற்கையான அழுகலே காரணம் என்பதைப் போல் பாபர் என்பவர் 1988இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியுள்ளார். அதற்கு முன்னரே, 1755இல், பேரரசி மரியா திரேசா தமது மருத்துவர் வான் சுவீற்றனின் ஆய்வினை அடியொற்றி, இவ்வாறு பிணங்களைத் தோண்டிச் சிதைப்பதைக் கட்டுப்படுத்தும் ஆணையைப் பிறப்பித்தார். ஆகவே, மூலக்கதையின் உள்ளீடு கூரிய பல்லன்று. விளங்காத சாவும் அச்சாவிற்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்ற ஊராரின் தவிப்புமே என்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காட்டேரி வர்க்கம் மாறினான். 1819இல் வெளிவந்த ஜோன் பொலிடோரியின் கதையில் அவன் இலண்டன் உயர்குடியினருள் ஒருவனானான். 1897இல் வெளிவந்த பிராம் ஸ்ரோக்கரின் ‘டிராக்குலா’ நாவலில் அவன் திரான்சில்வேனிய மாளிகையொன்றின் பிரபு. கண்ணாடியில் உருவம் தெரியாமை, அழைப்பின்றி வீட்டினுள் நுழையவியலாமை முதலியன இந்நாவல் வழியாகவே பெரிதும் பரவின. எனினும் ஸ்ரோக்கரின் டிராக்குலா பகலிலும் நடமாட வல்லவன். அப்பொழுது அவனது ஆற்றல்கள் குன்றியிருக்கும், அவ்வளவே. ஞாயிற்றின் ஒளி அவனை அழிக்கும் என்பது 1922இல் மூர்னோ நெறிப்படுத்திய ‘நொஸ்பெராட்டு’ என்னும் ஜேர்மானியத் திரைப்படத்தின் வழியே நிலைபெற்றது. 1958இல் வெளிவந்த பிரித்தானியத் திரைப்படத்தில் பீற்றர் குஷிங் ஏற்று நடித்த வான் ஹெல்சிங், சிலுவையும் சூரிய ஒளியும் கொண்டு அவனை வென்ற காட்சி பலர் மனத்திற் பதிந்தது.

அத்திரைப்படங்களின் செல்வாக்கு நேரடியாகவே விளையாட்டினுட் புகுந்தது. ஆர்னிசன் தமது ஊரில் நடத்திய ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் ஒருவர் ஏற்ற காட்டேரிப் பாத்திரம் ஏனையோரால் வெல்லற்கரியதாக வளர்ந்தமையால், அதனை எதிர்ப்பதற்கென வான் ஹெல்சிங்கைப் போன்ற சமயப்பணியாளர் பாத்திரம் ஒன்று உருவாக்கப்பட்டதென்பது ஆரம்பகால ஆட்டக்காரரின் நினைவுகூரல்களால் அறியவருகின்றது. இன்றும் அவ்விளையாட்டில் நிலைத்திருக்கும் ஒரு பாத்திர வகை, காட்டேரிக்கு மறுமொழியாகவே தோன்றிற்று எனலாம்.

1977இல் வெளிவந்த கோரப்பிறவிகள் தொகுதியிற் காட்டேரியின் விதிகள் முழுமை பெற்றன. மந்திர ஆயுதமன்றி வேறெதுவும் அவனைத் தாக்காது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று உயிர்ப்புள்ளிகள் அவனுக்கு மீளும். உயிர்ப்புள்ளி முற்றாக இழந்தாலும் ஆவியாகிச் சவப்பெட்டிக்குத் திரும்புவான். வெள்ளைப்பூண்டு, கண்ணாடி, சிலுவை ஆகியன அவனைப் பின்வாங்கச் செய்யும். ஓடும் நீரும் சூரிய ஒளியும் கழுமுளையும் அவனை அழிக்கும். நாட்டார் மரபு, நாவல், திரைப்படம் ஆகிய மூன்றும் ஒரே பட்டியலில் எவ்வித வேறுபாடுமின்றி அடுக்கப்பட்டிருத்தலை இங்கு அவதானிக்கலாம்.

இப்பட்டியலுள் விளையாட்டிற்கேயுரிய புதுமை ஒன்றுண்டு. காட்டேரியின் ஒவ்வொரு தாக்குதலும் பாத்திரத்தின் இரண்டு படிநிலைகளைப் பறித்துவிடும். பல மாதங்கள் ஆடி ஈட்டிய தேர்ச்சி ஒரு நொடியில் மறையும். பாத்திரம் இறப்பதைவிட இதனையே ஆட்டக்காரர் அஞ்சினர். ஏனெனில் இழப்பு பாத்திரத்தினது மாத்திரமன்று. மேசையில் அமர்ந்திருப்பவர் செலவிட்ட காலமும் பறிபோயிற்று. கதையில் வரும் பாத்திரத்தின் அச்சத்தை ஆட்டக்காரரின் அச்சமாக மாற்றிய இவ்விதி கூர்மையானது. ஆயினும் பலருக்கு வெறுப்பூட்டுவதாகவும் இருந்தது. எனவே 2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இழப்பைத் தவிர்க்க வாய்ப்பளிக்கப்பட்டது. 2014இன் ஐந்தாம் பதிப்பிலோ, கடியுண்டவரின் உயிர்ப்புள்ளி எல்லை குறையும். நீண்ட ஓய்வொன்றின் பின் அது மீண்டுவிடும். நிலையான இழப்பு ஓரிரவுத் துன்பமாகத் தணிந்தது.

ஆட்டக்காரருக்கு இது நன்மையே. ஆனால் அச்சத்தின் இடம் வெறுமையாயிற்று. 1974ஆம் ஆண்டுப் பெட்டியிலேயே, ஆட்டக்காரர் விலைகொடுத்து வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியலில் வெள்ளைப்பூண்டும் கண்ணாடியும் சிலுவையும் கழுமுளையும் கொட்டாப்புளியும் இருந்தன. வினாவும் விடையும் ஒரே பெட்டியில் விற்பனையாயின எனலாம். விடையை அறிந்தோர் முன் காட்டேரி, அதிக உயிர்ப்புள்ளிகள் கொண்ட எதிரியாக மாத்திரமே எஞ்சுகின்றான். அவனது எண்களைப் பெருக்குவதால் இக்குறை தீராது. போர் நீளுமேயன்றி அச்சம் பெருகாது.

இக்குறையை உணர்ந்து மேற்கொள்ளப்பட்ட முதலாவது பெருமுயற்சி 1983இல் வெளிவந்த ‘றேவன்லொஃப்ற்’ என்னும் ஆட்டநூலாகும். அதனை ஆக்கிய றேசி ஹிக்மன், லோறா ஹிக்மன் தம்பதியர் வேறோர் ஆட்டத்தில், நிலவறையின் ஓர் அறையிற் காரணமின்றி நின்ற காட்டேரியைக் கண்டு, இவன் இங்கு ஏன் நிற்கிறான் என வினவியதிலிருந்தே தமது நூல் பிறந்ததெனக் குறிப்பிட்டுள்ளனர். அவர்கள் படைத்த ஸ்ராட் என்னும் பிரபு, தம்பிக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை விரும்பித் தம்பியை மணநாளிலேயே கொன்றவன். அவளோ கோட்டைச் சுவரினின்றும் வீழ்ந்து மறைந்தாள். அவன் ஓர் அறையிற் காத்திருப்பதில்லை. தனக்கென நோக்கங் கொண்டு கோட்டையெங்கும் உலவுவான். அவனை வெல்ல உதவும் பொருட்கள் எங்குள்ளன, அவனது நோக்கம் யாது என்பன சீட்டுக்களைக் குறிபார்ப்பதன் மூலம் ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறுபடும். நூலை முன்னரே படித்தவரும் அனைத்தையும் அறிந்தவராகார். காட்டேரிக்கு ஒரு நோக்கமும் ஆட்டக்காரருக்கு ஒரு தேடலும் கிடைத்தன.

1991இல் இரு வேறு மாற்றங்கள் நிகழ்ந்தன. றேவன்லொஃப்ற் உலகிற்கென வெளிவந்த காட்டேரிக் கையேடு, காலப்போக்கில் அவை வன்மை பெறுவதையும், ஒவ்வொன்றும் தனக்கேயுரிய ஆற்றலும் குறைபாடும் உடையதாக இருக்கலாம் என்பதையும் வலியுறுத்தியது. அதனால் வெள்ளைப்பூண்டை வாங்கிவந்தவர் அது பயன்படும் என உறுதிகொள்ள முடியாமற் போயிற்று. அதே ஆண்டில் மார்க் றைன் ஹேகன் ஆக்கிய ‘வம்பயர்: த மஸ்கறேட்’ என்னும் விளையாட்டில் ஆட்டக்காரரே காட்டேரிகளாயினர். ஆங்குப் பாத்திரத்தின் மனிதத்தன்மை ஓர் அளவாகக் குறிக்கப்படும். கொடுஞ்செயல்களால் அது தேயும். எதிரே நின்ற கோரம் உள்ளே புகுந்தது. தான் எதுவாக மாறிக்கொண்டிருக்கிறேன் என்பதே அவ்விளையாட்டின் அச்சமாயிற்று.

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு முடிவிற்கு வரலாம். கோரப்பிறவியை மீளமைத்தல் என்பது அதன் எண்களைத் திருத்துதலன்று. எதனை அஞ்ச வேண்டும், ஏன் அஞ்ச வேண்டும் என்ற வினாவிற்குப் புதிதாக விடையளித்தலாகும். நமது வேதாளக் கதையே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விடை தெரிந்தும் வாய்திறவாவிடின் அரசனின் தலை வெடிக்கும். வாய்திறந்தால் வேதாளம் மரமேறும். இவ்விதிக்குப் பட்டியல் வேண்டியதில்லை. அதனை முற்றாக அறிந்த பின்னரும் அதன் பிடி தளர்வதுமில்லை. அறிவு பயனற்றுப் போவதால் அன்று, அறிவிற்கு ஒரு விலை இருப்பதாலேயே அவ்விறுக்கம் நிலைக்கின்றது.

இந்நோக்கிற் கிசிலியேவோ நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு ஒரு காட்டேரியை மீளமைப்பின் அது எவ்வாறு அமையும் என்பதை நோக்குவோம். முதலாவதாக, அவனது குறைபாடுகள் பொதுப்பட்டியலினின்று எடுக்கப்படாது அவனது வாழ்விலிருந்து பிறத்தல் வேண்டும். இறந்தவன் காலணிகளைக் கேட்டு வருகிறான் எனின், காலணியின்றிப் புதைத்தது யார், ஏன் என்பதே அவனை வெல்லும் வழியின் தொடக்கமாகும். இரண்டாவதாக, அவ்விடையை வைத்திருப்போர் ஊரார். அதனைச் சொல்வதால் தம் குற்றம் வெளிப்படும் என அஞ்சுவோர். ஆகவே ஆட்டக்காரர் வாளினாலன்றிப் பேச்சினாலும் பரிவினாலுமே அதனைப் பெறுதல் கூடும். மூன்றாவதாக, கடியின் இழப்பு படிநிலையாகவோ உயிர்ப்புள்ளியாகவோ அன்றி உறவாக அமையலாம்: ஒவ்வொரு கடிக்கும் பாத்திரம் தான் நேசிக்கும் ஒருவரின் பெயரை மறந்துவிடும், அப்பெயரைத் தாளினின்று ஆட்டக்காரரே தம் கையால் அழித்தல் வேண்டும். உறவினரையே முதலில் நாடும் காட்டேரிக்கு இவ்விதி பொருந்துவதாகும். 1977இன் விதியிலிருந்த கூர்மையை, ஆட்டக்காரரின் மாதக்கணக்கான உழைப்பைப் பறிக்காமலே, இதனால் மீட்கலாம்.

நான்காவது விதியே யாவற்றினும் முதன்மையானது. காட்டேரி உண்மையிலேயே உள்ளானா, அல்லது ஊரில் நோய் மாத்திரமே பரவியுள்ளதா என்பதை நடுவர் ஆட்டத்தின் முன்னரே தீர்மானித்து, அதனை வெளியிடாது வைத்திருத்தல் வேண்டும். புதைகுழியைத் தோண்டுவோர் தவறிழைத்தால், நோயுற்று இறந்த ஓர் அப்பாவியின் உடலை அவனது மனைவி மக்களின் கண்முன் சிதைத்தவராவர். தோண்டாது விட்டால், மேலும் சாவுகளுக்குப் பொறுப்பாவர். 1725இல் அப்புதைகுழியருகே நின்ற அலுவலரின் இக்கட்டும் இதுவே. அவர் தடுக்க முயன்றும் ஊராரின் அச்சத்திற்கு இணங்கினார் என்பதை அவரது அறிக்கையே புலப்படுத்துகின்றது. பகடை எத்தனை முகங்கொண்டதாயினும் இத்தகைய முடிவை அது எடுத்துத் தராது. ஆட்டக்காரரே எடுத்தல் வேண்டும்.

இதனை விளையாட்டென ஒதுக்கிவிடலாகாது என்பதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. ஸ்ரோக்கரின் நாவலில் டிராக்குலாவிற்கு ஏவல்செய்து அவனது மண்பெட்டியைக் காவிச் செல்வோர் ரோமானி மக்களாகச் சித்திரிக்கப்பட்டுள்ளனர். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக ஒடுக்கப்பட்ட அம்மக்களைப் பற்றிய அக்காலத் தப்பெண்ணம் அதில் வெளிப்படையானது. அந்நாவலின் நிழலில் எழுந்த றேவன்லொஃப்றிலும் அவர்களை ஒத்த நாடோடிக் குழுவொன்று காட்டேரிக்குத் துணைபோவதாக அமைக்கப்பட்டது. 2016இல் வெளிவந்த புதுப்பதிப்பிலும் அது பெரிதும் தொடர்ந்தது. கண்டனங்கள் எழுந்தமையை அடுத்து, 2020இல் பதிப்பாளர் அச்சித்திரிப்பு ஒரு மக்கட் கூட்டத்தைத் தாழ்த்துவதாய் இருந்ததை ஏற்றுக்கொண்டு, அப்பகுதிகளை மாற்றினர். காட்டேரியின் பல்லும் பலவீனமும் எண்ணிறந்த தடவை திருத்தப்பட்டன. அவனைச் சூழ நின்ற மனிதரைப் பற்றிய தப்பெண்ணமோ 1897 தொடக்கம் ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக வினவப்படாமலே கைமாறி வந்துள்ளது.

விதிகளைப் பலர் நடுநிலையானவையாகக் கருதுவர். அவை அவ்வாறல்ல. ஒரு நாவலின் தப்பெண்ணத்தை வாசகர் படிக்கின்றார்; விளையாட்டின் தப்பெண்ணத்தையோ ஆட்டக்காரர் தாமே செய்துபார்க்கின்றார். இவரை ஐயுறுக, அவரைக் கொல்க, இவருக்கு இரங்குக எனக் கோரப்பிறவியின் அமைப்பு அவருக்கு ஓயாது கற்பிக்கின்றது. எனவே அதனை அமைப்போரின் பொறுப்பு நாவலாசிரியரின் பொறுப்பினும் குறைந்ததன்று.

சேர்பியச் சிற்றூரிற் புதைகுழியிலிருந்து எடுக்கப்பட்டவர் கற்பனைப் பாத்திரமல்லர். பெயருடைய ஒரு மனிதர். விளங்காத சாவுகளுக்கு விளக்கந் தேடிய ஊரார் அவரைக் கோரப்பிறவியாக்கினர். கதைகளும் திரைப்படங்களும் அவருக்கு மேலங்கியும் மாளிகையும் வழங்கின. விளையாட்டு அவருக்கு எண்களை வழங்கியது. இம்மூன்றையும் களைந்து, மேசையைச் சுற்றியிருப்போர் மீண்டும் அப்புதைகுழியின் அருகே வந்து நின்று, தோண்டுவதற்கு முன் ஒருகணம் தயங்குவாராயின், இரத்தக் காட்டேரியின் மீளமைப்பு அதன் பயனை எய்திற்று எனக் கொள்ளலாம்.